எரியுற கல்லும் புகையுற கல்லும்

உட்காரு தம்பி. அந்த பிளாஸ்டிக் நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் நொண்டி. திண்ணையிலயே உட்காரு. காத்து வரும்.

மாடியில குடியிருக்கிற பிள்ளைன்னு உரிமையோட சொல்றேன், கோவிச்சுக்காதே. நேத்து ராத்திரி ஒரு காகிதம் கொண்டாந்து காட்டுனியே, அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு. கவலையில இல்லடா, சிரிப்பு அடங்கல. துருக்கிக் கடலோரம், குடும்பத்தோட, ஒன்பது நாள், நாளுக்கு ஒரு எடம். காலைல 5.30க்கு எழுந்திருக்கணும். 6 மணிக்குச் சூரியன் வரணும். 6.05க்கு அதோட நின்னு படம் புடிக்கணும். சூரியனுக்கே கட்டம் கட்டி நேரம் போட்டிருக்கியே, அவரைக் கேட்டியா?

ஆளுக்கு ஒரு கலரு வேற. உன் சம்சாரத்துக்கு மஞ்சள். பெரியவனுக்குப் பச்சை. ரெண்டரை வயசு வாண்டுக்கு ரோஸு. உங்கம்மாவுக்கு ஊதா. மூஞ்சிக்குப் பூசுற கிரீம் யார் பையில, கறுப்புக் கண்ணாடி யார் பையில, எல்லாம் எழுதிட்டே. சரி. அவ்ளோ பெரிய காகிதத்துல ஒண்ணுக்குப் போறதுக்கு நேரம் எங்கடா போட்டே?

சிரிக்காதே. நான் பொறாமையில பேசுறேன்னும் நினைக்காதே. பாலக்கோட்டுப் பக்கத்துலேர்ந்து பதினேழு வயசுல பெங்களூருக்கு, இந்த ஜோகுபாளையத்துக்கு வந்தவன் நான். முப்பது வருஷம் மெட்டடோர் ஓட்டுனேன். சனிக்கிழமை கல்யாண சவாரி, ஞாயித்துக்கிழமை டூர் சவாரி. விடியக்காலம் நாலு மணிக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வெச்சு, டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெச்சு நிப்பேன். பதினெட்டு பேர் உட்காருற வண்டியில முப்பது பேர் ஏறுவாங்க. கேட்டா "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ம்பாங்க, கொஞ்சம் அனுசரிச்சுக்கோன்னு. நந்தி மலை, பன்னேர்கட்டா, பிருந்தாவனம், சிவனசமுத்திரம், மேக்கேதாட்டு, ஒகேனக்கல். எத்தனை குடும்பத்தை ஏத்தி எறக்கியிருப்பேன்? எத்தனை வாந்தியைக் கழுவியிருப்பேன்? அதுல நான் படிச்ச படிப்பு ஒண்ணுதான். எந்தக் குடும்பமும் அதுல இருக்கிற சின்ன மூத்திரப் பையும் பழைய முட்டியும் போற வேகத்துலதான் போகும். நீ என்ன கலர் அடிச்சாலும் சரி.

உன் பெரியவன் இருக்கானே, கெட்டிக்காரன். ஒரு வாரமா என் மடியில உட்கார்ந்து அந்த ஊரு வீடியோ எல்லாம் போட்டுக் காட்டிட்டான். போகாமலே பாதி துருக்கி பார்த்துட்டேன். அதனால தெரிஞ்சுதான் பேசுறேன்.

மொதல்ல அந்தச் சேத்துக் குளியல். தால்யான்னு ஒரு ஊரு. ஆத்துல படகுல போறாங்க. கரையில நாணல் காடு. மலைச் செவுத்துல அந்தக் காலத்து ராசாக்களுக்குக் கல்லைக் குடைஞ்சு கட்டுன சமாதி. கிறிஸ்து பொறக்கிறதுக்கு முன்னாடி நானூறு வருஷமாம். அதெல்லாம் அழகுதான், நான் இல்லேங்கல. அதைப் பார்த்துட்டு நேரா போய் ஒரு குழியில எறங்குறாங்க. கந்தக நாத்தம் அடிக்கிற சேறு. கழுத்து வரைக்கும் பூசிக்கிட்டு வெயில்ல காய வெச்சு, அப்புறம் கழுவுறாங்க. இளமை திரும்புமாம். இதுக்கு டிக்கெட்டு.

எங்க ஊர்ல எருமை இதை ஓசியில பண்ணுச்சு. தினம் ரெண்டு வேளை. அதுக்கு வயசு கொறைஞ்சதா? கன்னுக்குட்டி ஆயிடுச்சா? இந்தப் பசங்களை நீ எப்படி வளர்க்கிறேன்னு கொஞ்சம் நினைச்சுப் பாரு. போன மழைக்கு உன் வாண்டு வாசல்ல தேங்கின தண்ணியில ஒரு கால் வெச்சான். உன் சம்சாரம் மாடிப்படியை நாலு நாலா தாண்டி எறங்கி வந்துச்சு. சோப்பு, டெட்டால், வெந்நீர். அதே சேறு ஏரோபிளேன் ஏறிப் போனா மருந்தாயிடுமா? சேத்துக்குக் கூடவா பாஸ்போர்ட்டு?

அடுத்தது மோர். அய்ரான்னு ஒண்ணு எழுதி, பக்கத்துல நட்சத்திரம் போட்டு, "கட்டாயம் குடிக்க வேண்டும்"னு வேற போட்டிருக்கே. தயிரு, தண்ணி, உப்பு. நம்மூர்ல அதுல கொத்தமல்லி, இஞ்சி, பச்சை மிளகா போடுவோம். அவன் போடல. அதாவது, நம்ம மோருக்குப் பாதி வேலை பாக்கி. அதுக்கு நட்சத்திரமா? கெஸ்லெமேன்னு ஒரு ரொட்டி. அம்மாங்க தரையில உட்கார்ந்து மெல்லிசா தேய்ச்சு, உள்ள கீரையோ பன்னீர் மாதிரி ஒண்ணோ வெச்சு மடிச்சு, வளைஞ்ச இரும்புச் சட்டி மேல சுடுறாங்க. அதை ஒண்ணும் சொல்ல மாட்டேன். சுடச்சுட ரொட்டி போட்டுத் தர்ற கையை நக்கல் பண்ணக்கூடாது, அது பாவம். ஆனா சிவாஜிநகர்ல கவுத்துப் போட்ட சட்டியில ருமாலி ரொட்டி போடுறவனை நீ ஒரு தடவையாவது நின்னு பார்த்திருக்கியா? வண்டி நிறுத்த எடம் இல்லேன்னு போயிடுவே.

அப்பன் மலைக்கு வருவோம். பாபாதாக். பாபான்னா அந்த ஊர் பாஷையில அப்பன், தாக்னா மலையாம். ரெண்டாயிரம் மீட்டருக்குக் கிட்ட உசரம். அதோட உச்சியிலேர்ந்து குடையைக் கட்டிக்கிட்டுக் குதிக்கிறாங்க. கீழ நீலமா ஒரு கடல். அதுக்குப் பேரு ஒலுதெனிஸ், அர்த்தம் செத்த கடல். அலையே இல்லாம அசையாம கெடக்குதாம், அதனால அந்தப் பேரு. அப்பன் மேலேர்ந்து குதிச்சு செத்த கடல் பக்கத்துல எறங்கணும். ஏன்டா, பேரைக் கேட்டாலே நம்ம பாட்டிங்க பயணத்தை ஒத்திப் போட்டிருப்பாங்களே! நீ ரெண்டு சின்னப் பிள்ளைக்காரன். அன்னிக்கு உங்கம்மா கலர்ல என்ன எழுதியிருக்கே? "கீழே காத்திருப்பார்." அட ராசா. அந்தம்மா உன்னைப் பெத்து இஸ்கூல் வாசல்ல காத்திருந்தாங்க. பரீட்சை வாசல்ல காத்திருந்தாங்க. இப்போ துருக்கிக்குக் கூட்டிட்டுப் போய் அங்கயும் காக்க வைக்கணுமா?

அதுக்குப் பதிலா அந்தச் செத்த கடல்லயே எல்லாரும் எறங்குங்க. அலை இல்லாத தண்ணி குழந்தைக்கு நல்லது. மெரினாவுல பார்த்திருப்பியே, காலை வாரிவிட்டுடும். இது அப்படி இல்ல. குட்டிக்கு முட்டி வரைக்கும் தண்ணி, பாட்டிக்கும் முட்டி வரைக்கும் தண்ணி, ஒரு குடை நிழலு. நாள் முடிஞ்சுது. இதை எழுத ஒரு கட்டம் போதும்.

உன் காகிதத்துல எனக்குப் புடிச்சது ஒண்ணு இருக்கு. நீ அதை எழுத்தைச் சின்னதாக்கி மூலையில போட்டிருக்கே. டோல்முஷ். அந்த ஊரு ஷேர் வேன். அந்தப் பேருக்கு அர்த்தம் கேட்டேன், உன் பையன் தேடிச் சொன்னான். "ரொம்புனது" தானாம்! ஆளு ரொம்புனாதான் வண்டி கெளம்பும். இதைக் கேட்டு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சுடா. முப்பது வருஷம் நான் ஓட்டுன வண்டிக்கு அங்க இவ்ளோ நல்ல பேரு வெச்சிருக்கான். நீ என்னடான்னா தனிக் காரு புக் பண்ணியிருக்கே. டோல்முஷ்ல ஏறு. பக்கத்துல ஒரு கெழவி தக்காளிக் கூடையோட உட்காருவா. உன் வாண்டு கன்னத்தைக் கிள்ளுவா. அவ பேசுறது உனக்குப் புரியாது, நீ பேசுறது அவளுக்குப் புரியாது. எறங்குறதுக்குள்ள ஒரு பழம் குடுப்பா. அந்தப் படம் எந்தப் போன்லயும் விழாது.

ஆமை சமாச்சாரத்துலயும் அவனுங்க கெட்டி. இஸ்துஸுன்னு நாலரைக் கிலோமீட்டர் மணல். பெரிய தலை ஆமை முட்டை போடுற எடம். 1980கள்ல அங்க ஓட்டல் கட்ட வந்தாங்களாம். ஊரும் உலகமும் சேர்ந்து கத்தி நிறுத்திட்டாங்க. இன்னிக்கும் முட்டைக் காலத்துல ராத்திரி எட்டுலேர்ந்து காலைல எட்டு வரைக்கும் மனுஷன் அந்தப் பக்கம் போகக் கூடாது. இருட்டு ஆமைக்கு, வெளிச்சம் நமக்கு. நல்ல பாகப்பிரிவினைதானே? நம்ம நந்தி மலையில ஞாயித்துக்கிழமை விடியக்காலம் காருங்க நிக்கிற வரிசையைப் பாரு. மேகம் பார்க்கப் போறவன் முன்னாடி வண்டியோட நம்பர் பிளேட்டைப் பார்த்துட்டுத் திரும்புறான். ஆமை ஆசை உனக்கு நெசமாவே இருந்தா மெட்ராசுக்குப் போ. 1988லேர்ந்து அங்க காலேஜுப் பசங்க பெசன்ட் நகர் பக்கம் ராத்திரியில மணல்ல நடந்து ஆமை முட்டையைப் பொறுக்கிப் பத்திரப்படுத்துறாங்க. சனவரியிலேர்ந்து மூணு மாசம். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, டார்ச் அடிக்காம, வாயை மூடிக்கிட்டு நடக்கணும். கஷ்டம் எது தெரியுமா? அந்த மூணாவதுதான்.

சக்லிகென்ட் பள்ளத்தாக்கைச் சுருக்கமா சொல்லிடறேன். பதினெட்டு கிலோமீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் வானத்தை மறைக்கிற செவுரு, நடுவுல ஐஸ் தண்ணி. வாசலோரமா மரப்பாலம் போட்டிருக்கான். அதுவரைக்கும் போ, போதும். ரெண்டரை வயசை முதுகுல கட்டிக்கிட்டு ஆத்துல எறங்காதே. வெளிய ஆத்து மேலயே திண்ணை மாதிரி போட்டு மெத்தை விரிச்சிருக்கான், உங்கம்மா அங்க காலை நீட்டி மீன் தின்னட்டும். திண்ணை எங்க இருக்கோ அங்க நாகரிகம் இருக்கு.

இப்போ வரேன் நான் சொல்ல வந்ததுக்கு. ஏழாம் நாள் என்ன எழுதியிருக்கே? "யனார்தாஷ். மலையில் தானாக எரியும் நெருப்பு. ராத்திரி ஏற வேண்டும்." மலைச்சந்துல காத்து மாதிரி எரிவாயு கசியுது, ஆயிரக்கணக்கான வருஷமா அணையாம எரியுது. யனார்னா எரியுற. தாஷ்னா கல்லு. எரியுற கல்லு. சரியா?

எங்க ஊரு ஒகேனக்கல்லுக்கு அர்த்தம் சொல்லு பார்ப்போம். பத்து வருஷமா பெங்களூர்ல இருக்கே, கன்னடத்துல பால் வாங்குறே. ஒகேன்னா? புகை. கல்லுன்னா கல்லுதான். புகையுற கல்லு! தண்ணி விழுந்து தெறிச்சு, பாறையிலேர்ந்து புகை எழும்புற மாதிரி தெரியும். நெருப்பில்லாம புகையாதுன்னு ஊரே சொல்லுது. இங்க தண்ணியே புகையுது. எரியுற கல்லுக்கு ஏரோபிளேன்ல போறவன், புகையுற கல்லுக்குக் காலைல டிபன் கட்டிக்கிட்டுக் கெளம்பினா மத்தியானச் சோத்துக்குப் போய்ச் சேர்ந்துடலாம். ஓசூரு, ராயக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம். பென்னாகரம் தாண்டி காட்டு எறக்கம். அங்க மட்டும் வாண்டுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் குடு.

பரிசல் ஏறியிருக்கியா? இல்ல, சும்மா கேக்கறேன். மூங்கில் பின்னி, முன்னெல்லாம் தோலு போர்த்துவாங்க, இப்போ தாரு பூசுன ஷீட்டு. வட்டமா ஒரு பெரிய கூடை. முன்னாடியும் கெடையாது, பின்னாடியும் கெடையாது. அதுல ஏறுனவுடனே பெரிய மனுஷன், சின்ன மனுஷன் எல்லாம் ஒரே மாதிரி குந்தணும். ஒரு கம்பெனி மேனேஜரைக் கூட்டிட்டுப் போனேன். வண்டியில வர்ற வரைக்கும் இங்கிலீஷ். பரிசல்காரர் நடு ஆத்துல துடுப்பை ஒரு சுத்து சுத்துனாரு பாரு, மனுஷன் "ஐயோ அம்மா"ன்னு சுத்தத் தமிழுக்கு வந்துட்டாரு. ரெண்டு பக்கமும் பாறைச் செவுரு, மேலேர்ந்து சின்னச் சின்னதா அருவி ஒழுகும். உன் பள்ளத்தாக்கும் படகும் அருவியும் மூணும் ஒரே டிக்கெட்டுல முடிஞ்சுது.

அப்புறம் எண்ணெய். துண்டைக் கட்டிக்கிட்டுப் பாறையில உட்காரு, தேய்க்கிறவர் வருவாரு. புரோட்டா மாவு பிசையற மாதிரிப் பிசைவாரு. தலையில ரெண்டு தட்டு தட்டுவாரு, உன் ஆபீஸ் கவலை காது வழியா வெளிய வந்துடும். நேரா அருவியில போய் நில்லு. இளமை திரும்புமான்னு கேக்காதே. பசி திரும்பும். மீனை வாங்கி அங்க இருக்கிற அம்மாங்க கையில குடுத்துடு, நீ குளிச்சு முடிக்கிறதுக்குள்ள குழம்பு கொதிக்கும், வறுவல் தட்டுல இருக்கும். கொரங்கு மட்டும் ஜாக்கிரதை. அதுக்கு உன் அட்டவணை எல்லாம் தெரியாது.

ஒரே ஒரு புத்தி சொல்றேன், இதை எழுதிக்கோ. கெளம்புறதுக்கு முன்னாடி, தண்ணி அளக்கிற பிலிகுண்டுலுவுல எத்தனை ஆயிரம் கன அடி தண்ணி வருதுன்னு கேட்டுக்கோ. தினம் சேதியில சொல்வான். மேல அணை தொறந்தா இங்க குளிக்கவும் விட மாட்டான், பரிசலும் விட மாட்டான். கலெக்டர் வேணாம்னா வேணாம். லைஃப் ஜாக்கெட்டு குடுத்தா மாட்டிக்கோ, "எனக்கு நீச்சல் தெரியும்"னு நெஞ்சை நிமித்தாதே. ஆத்துக்கு உன் சர்ட்டிபிகேட்டு தெரியாது. மேக்கேதாட்டுலயும் அதேதான். மேக்கேன்னா ஆடு. ஆடு தாண்டுற அளவுக்குக் காவேரி ஒடுங்குற எடம். பார்க்க ஒடுக்கமா இருக்கும், உள்ள சுழி. படத்துக்கு ஒரு அடி பின்னால வெச்சவன் நெறைய பேரு திரும்பி வரல. சங்கமத்துல அர்க்காவதியைத் தாண்டி, அந்தப் பழைய பஸ்ஸுல குலுங்கிக்கிட்டுப் போய், தூர நின்னு பார்த்துட்டு வா. அங்க அணை கட்டலாமா கூடாதான்னு மட்டும் என்னைக் கேக்காதே. ஜோகுபாளையத்துக்காரன் நான். ரெண்டு பக்கமும் சொந்தம், ஒரே கொழாயில தண்ணி.

கொழாயின்னதும் ஞாபகம் வருது. 1974லேர்ந்து காவேரி நம்ம ஊருக்கு வரா. தொரெக்காடனஹள்ளியிலேர்ந்து நூறு கிலோமீட்டரு, ஐந்நூறு மீட்டர் மேடு, மோட்டார் வெச்சுத் தள்ளித் தள்ளி மேல ஏத்துறான். நம்ம தெருவுக்கு மொத மொத லைட்டு வந்த கதையும் அவதான். 1902ல சிவனசமுத்திரத்துல கரண்டு எடுத்து கோலார் தங்கவயலுக்கு அனுப்புனான், 1905ல பெங்களூருக்கு வந்துது. தங்கவயல் குடும்பங்களை நான் அந்த அருவிக்கு ஓட்டிட்டுப் போயிருக்கேன். 2001ல சுரங்கத்தை மூடுனப்புறம் அந்தச் சவாரி நின்னு போச்சு. அதுல ஒரு பெரியவர் அருவியைப் பார்த்து "எங்கப்பன் சுரங்கத்துக்குள்ள பார்த்த வெளிச்சம் இதுதான்டா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அவ்ளோ மேடு ஏறி உன் வூட்டுச் சொம்புக்கு வர்றா ஒருத்தி. அவ ஓடுற பக்கம் நீ ஒரு நாள் போய்ப் பார்த்தா என்ன, காலு தேயுமா?

அவ்ளோ தூரம் கூட வேணாம்டா. பன்னெண்டு தீவு படகுச் சவாரின்னு மூணாம் நாள் போட்டிருக்கே. பாட்டு அலறுமாம், சோப்பு நுரை அடிப்பானாம், கொள்ளைக்காரன் வேஷம் கட்டுவானாம். நம்ம அல்சூர் ஏரியில தீவு இருக்கிறது உனக்குத் தெரியுமா? நூத்தி இருபது ஏக்கராவுக்கு மேல தண்ணி. படகும் விட்டிருக்கான். வள்ளுவர் சிலையா கரையில உட்கார்ந்திருக்காரு. பதினெட்டு வருஷம் கோணியில மூடி வெச்சிருந்து 2009ல தொறந்தாங்க. நம்ம வூட்டுலேர்ந்து நடந்து போற தூரம். நாத்தம் அடிக்கும்கிறியா? சில நாள் அடிக்கும். 2016ல மீனெல்லாம் செத்து மொதந்துச்சு, நான் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போய்ப் பார்த்து அழுதுட்டு வந்தேன். மறுபடி நாரை வந்துடுச்சு. நாத்தத்துக்கு பயந்தவன் கந்தகச் சேத்துல கழுத்து வரைக்கும் எறங்கலாமா? போன வருஷம் உன் பெரியவனை நான் அங்க கூட்டிட்டுப் போனேன். என்ன கேட்டான் தெரியுமா? "தாத்தா, இது எந்த நாடு?"

சரி, போ. டிக்கெட்டு போட்டாச்சு, இனிமே நிறுத்த முடியுமா? போயிட்டு வா. ஆனா காகிதத்தைத் திருத்து. ஒன்பதுல நாலைக் கிழி. மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் வெளிய போகாதே, அந்த வெயிலு நம்மூர் வெயிலு மாதிரி வெக்கப்படாது. கல்லுக்கடற்கரைன்னா ரப்பர் செருப்பு. ரெண்டு நாளைக்கு ஒரு நாள் சும்மா இரு. "சும்மா"ன்னே எழுது, அதுக்கும் ஒரு கலர் அடி. கெளம்புற அன்னிக்குப் புளிசோறு எங்க வூட்டுக்காரி கிண்டித் தருவா. ரெண்டு வேளைக்குக் கெடாது. ஏரோபிளேன்ல குடுக்கிற அந்த ஜில்லு ரொட்டியை வாண்டு தின்ன மாட்டான்.

அப்புறம்... ஒண்ணுமில்ல. அந்த டோல்முஷ்ல டிரைவர் பக்கத்து சீட்டு யாருக்குன்னு காகிதத்துல போடலியே? இல்ல, சும்மாதான் கேட்டேன். எனக்கும் பாஸ்போர்ட்டு இருக்கு. மக துபாய்க்கு வரச் சொன்னப்ப எடுத்தது, அப்புறம் போகல. ரேஷன் கார்டுக்குள்ள பத்திரமா வெச்சிருக்கேன். உள்ள ஒரு முத்திரை கூட விழல. இன்னும் மூணு வருஷம் செல்லுபடியாகும்.